ஒரு நாளில் எவ்வளவு தேறும்? அமெரிக்கத் தீம் பார்க்குகளின் ஒரு தரவரிசை

ஒரே பெயரில் இரண்டு படகு ரைடுகள். கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1967-ல் திறந்த ‘பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்’ கால் மணி நேரம் ஓடும். வழியில் படகு இரண்டு முறை சறுக்கிக் கீழே இறங்கும். டிஸ்னியின் ஃபுளோரிடா பூங்காவான மேஜிக் கிங்டமில் 1973-ல் வந்ததோ ஏறக்குறைய பாதி நேரத்தில் கரை சேர்ந்துவிடும்; சறுக்கலும் ஒன்றுதான். இடம் தாராளமாக இருந்த ஊரில் ரைடு சுருங்கியது, இடமே இல்லாத ஊரில் நீண்டது.

காரணம் ஒரு மண்மேடு. டிஸ்னிலேண்டைச் சுற்றி மேடு கட்டி, அதன்மேல் ரயில் ஓட விட்டிருக்கிறார்கள். 1960-களிலேயே மேட்டுக்கு உள்ளே இடம் தீர்ந்துபோனது. எனவே ரைடின் பெரிய கூடத்தை மேட்டுக்கு வெளியே கட்டினார்கள். படகு ரயில் பாதைக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போக வேண்டும். சறுக்கல்கள் அதற்காக வந்தவை. 1969-ல் திறந்த ‘ஹாண்டட் மேன்ஷன்’ பேய் மாளிகையிலும் இதே கதை. நாம் நிற்கும் அறையின் சுவர்கள் நீள்வது போலத் தெரிகிறதே, உண்மையில் அந்த அறை ஒரு லிஃப்ட். ஆட்களைக் கீழே இறக்கி, தண்டவாளத்துக்கு அடியில் நடத்திக் கூட்டிப் போகிறது. ஃபுளோரிடாவில் அதற்குத் தேவையில்லை. அங்கே தரை அசையாது, கூரைதான் மேலே போகும்.

தீம் பார்க் தரவரிசைகள் பெரும்பாலும் இந்த மாதிரி விஷயங்களைத் தொடுவதில்லை. எங்கே ரோலர் கோஸ்டர் உயரம், எங்கே எண்ணிக்கை அதிகம், இந்த வருடம் புதிதாக என்ன வந்தது என்பதோடு முடித்துவிடுகின்றன. இங்கே கேட்கும் கேள்வி வேறு: காலையில் கதவு திறந்ததிலிருந்து இரவு மூடும்வரை உள்ள 12 மணி நேரத்தில் உருப்படியாக எவ்வளவு தேறும்? அதை முடிவு செய்பவை மூன்று. ரைடுகள் மணிக்கு எத்தனை பேரை ஏற்றி இறக்குகின்றன, எவ்வளவு நேரம் பழுதில்லாமல் ஓடுகின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும் வழி பார்க்கும்படி இருக்கிறதா.

முதல் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றங்கள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன. 24 பேர் உட்காரும் கோஸ்டர் வண்டி 90 நொடிக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 40 வண்டி, 960 பேர். பெல்ட்டை இழுத்துப் பார்ப்பது, பையை வைக்க ஓடுவது, கூட வந்தவரைத் தேடுவது என்று அந்த இடைவெளி 150 நொடியாக நீண்டால் மணிக்கு 24 வண்டி, 576 பேர்தான். முன்னே 960 பேர் நின்றால் முதல் கணக்கில் ஒரு மணி நேரம். இரண்டாவதில் ஒரு மணி 40 நிமிடம். ரைடு அதே ரைடு, ஆட்களும் அதே ஆட்கள்.

மூன்று வண்டி விட்டும் ஏன் வேகம் கூடுவதில்லை? கோஸ்டர் பாதை ‘பிளாக்’ எனப்படும் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டில் ஒரே நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். ஏறுமிடத்தில் நிற்கும் வண்டி கிளம்பாதவரை பின்னால் வந்தது வெளியே பிரேக்கில் நின்றே ஆக வேண்டும். ஆகவே வரிசையில் நுழையும் முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஏறுமிடத்துக்கு வெளியே வண்டிகள் ஆளோடு காத்துக் கிடந்தால் அன்றைக்கு அங்கே ஏற்றி இறக்குவதில் தாமதம். கைக்கடிகாரத்தில் இரண்டு கிளம்பல்களுக்கு நடுவே உள்ள நொடிகளை எண்ணினால் போதும், காத்திருப்பு நேரம் காட்டும் வாசல் பலகையை விட நம்பகமான கணக்கு கிடைத்துவிடும்.

இதோடு காசு வரிசையும் சேர்ந்துகொள்கிறது. மணிக்கு 1,200 பேரை ஏற்றும் ரைடில் 600 பேர் நின்றால் அரை மணி நேரக் காத்திருப்பு. அதே ரைடில் 60 சதவீத இருக்கைகளைக் காசு கட்டி வருபவர்களுக்கு ஒதுக்கினால் பொது வரிசைக்கு மிஞ்சுவது 480. அந்த 600 பேருக்கும் இப்போது ஒன்றேகால் மணி நேரம். வரிசையைத் தாண்டிப் போக வைக்கும் டிஸ்னியின் ஃபாஸ்ட்பாஸ் 1999-ல் இலவசமாகத்தான் தொடங்கியது. 2021-ல் அந்த இடத்துக்குக் கட்டண முறை வந்தது. இன்று அதன் பெயர் ‘லைட்னிங் லேன்’. டிக்கெட் விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போடுபவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

இந்தக் கணக்குகளோடு பார்த்தால் முதலிடம் டிஸ்னிலேண்டுக்குத்தான். அனாஹைம் ஊரின் ஆரஞ்சுத் தோப்புகளை அழித்துக் கட்டி, 1955 ஜூலை 17-ல் திறந்தது. கோட்டையின் உயரம் வெறும் 77 அடி. ஃபுளோரிடாவில் இருப்பது 189 அடி. படத்தில் பார்த்துவிட்டு நேரில் வருபவர்கள் ‘இவ்வளவுதானா’ என்பார்கள். ஆனால் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில். படகு ரைடு முடிந்து வெளியே வந்தால் மூன்று நிமிட நடையில் பேய் மாளிகை. அந்த மாளிகையில் இருக்கைகள் சங்கிலி போலக் கோர்க்கப்பட்டு நிற்காமல் நகரும். நகரும் பட்டையில் நடந்தபடியே ஏறிக்கொள்ள வேண்டும். வண்டி நிற்பதே இல்லை என்பதால் மணிக்கு 2,000 பேருக்கு மேல் உள்ளே போய்விடுகிறார்கள். பழைய ரைடுகள் பல இப்படிப் பெருங்கூட்டத்தை விழுங்கக்கூடியவை. புதிதாகக் கட்டுபவர்கள் இந்தப் பாடத்தை ஏன் மறந்தார்கள் என்பது புரியாத புதிர்.

‘ஸ்பேஸ் மவுண்டன்’ இருட்டுக் கோஸ்டரையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஃபுளோரிடாவில் வந்தது 1975, டிஸ்னிலேண்டில் 1977. ஃபுளோரிடாவில் ஒருவர் பின் ஒருவராக உட்கார வேண்டும், குலுக்கல் இடுப்பைப் பதம் பார்க்கும். இங்கே இருவர் இருவராக; 2005-ல் பாதையை முழுக்கப் புதிதாகப் போட்டதால் வழுக்கிக்கொண்டு போகும், இசையும் பாதையோடு ஒட்டி வரும். குறைகள் இல்லாமல் இல்லை. உள்ளூர்க்காரர்கள் வருடாந்தர பாஸ் வைத்திருப்பதால் வேலை முடிந்த மாலைகளில் கூட்டம் திடீரென்று ஏறும். பழைய பாதைகள் குறுகல். ‘பீட்டர் பேன்’ ரைடில் ஒரு சின்னக் கப்பலுக்கு இரண்டு மூன்று பேர்தான் என்பதால் நாள் முழுக்க வரிசை கரையாது. அதைக் கதவு திறந்த முதல் 20 நிமிடத்தில் முடிக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். 1959-ல் வந்த ‘மேட்டர்ஹார்ன்’ குழாய் இரும்புப் பாதையில் ஓடிய முதல் கோஸ்டர். வரலாறு பெரிதுதான், முதுகெலும்புக்கு அது தெரியாது.

இரண்டாமிடம் சீடர் பாயின்ட். ஒஹாயோ மாநிலத்தின் சாண்டஸ்கியில், ஈரி ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் முனையில், 1870-லிருந்து இருக்கிறது. கோஸ்டர் உயரத்தின் வரலாற்றை இங்கேயே நின்று படித்துவிடலாம். 1989-ல் ‘மேக்னம்’, 205 அடி: கிளம்பிய இடத்துக்கே சுற்றி வந்து சேரும் முழுச் சுற்றுக் கோஸ்டர்களில் 200 அடியைத் தாண்டிய முதலாவது. 2000-ல் ‘மில்லேனியம் ஃபோர்ஸ்’, 310 அடி, மணிக்கு 150 கிலோமீட்டர். சங்கிலிக்குப் பதில் லிஃப்ட் போலக் கம்பிவடம் இழுப்பதால் அந்த உயரத்துக்குச் சட்டென்று ஏறிவிடும். 2003-ல் ‘டாப் த்ரில் டிராக்ஸ்டர்’, 420 அடி, மணிக்கு 193 கிலோமீட்டர்.

உயரம் தலைவலியாக மாறியது அந்த மூன்றாவதில்தான். ஹைட்ராலிக் மோட்டார்கள் ஒரு உருளையைச் சுழற்ற, அதில் சுற்றிய கம்பிவடம் வண்டியைக் கொக்கி போட்டு இழுத்து, ஏறக்குறைய 4 நொடியில் அந்த வேகத்துக்குக் கொண்டுபோகும். மொத்த விசையும் ஒரே இடத்தில் குவிவதால் வடம், எண்ணெய் அழுத்தம், கொக்கி என எதில் கோளாறு வந்தாலும் முழு ரைடும் நிற்கும். எதிர்க்காற்று கொஞ்சம் கூடினாலே வண்டி உச்சியைத் தாண்டாமல் பின்னோக்கி உருண்டு வந்துவிடும். அதற்கென்றே தரையில் காந்தப் பிரேக்குகள் எழும்பி நிற்கும், ஆபத்தில்லை. ஆனால் நேரம் போகும். 2021 ஆகஸ்டில் வண்டியிலிருந்து கழன்ற உலோகத் துண்டு வரிசையில் நின்ற ஒரு பெண்ணைத் தாக்கியதோடு அந்த ரைடு மூடப்பட்டது. மின்காந்த முறைக்கு மாற்றி ‘டாப் த்ரில் 2’ என்று 2024 மே மாதம் திறந்தார்கள். சுமார் ஒரு வாரத்தில் வண்டிகளில் கோளாறு என்று மீண்டும் மூடி, அடுத்த வருடம்தான் திறந்தார்கள். நியூ ஜெர்சியில் இதே ஹைட்ராலிக் முறையில் 2005-ல் வந்த 456 அடி ‘கிங்டா கா’வின் கதி இன்னும் மோசம். 2025 பிப்ரவரி 28-ல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

அப்படியிருந்தும் சீடர் பாயின்ட் இரண்டாமிடத்தில் இருப்பது 300 அடியைத் தொடாத இரண்டு கோஸ்டர்களால். ஒன்று 105 அடி ‘மேவரிக்’, 2007. திறப்பதற்கு முன் நடந்த சோதனையில் சுரங்கத்துக்கு அடுத்து வந்த ஒரு முழுச் சுழற்சி வண்டிகளைப் படுத்திவிடும் என்று தெரிந்ததால் அந்தத் துண்டையே கழற்றி எறிந்து, திறப்பைத் தள்ளி வைத்தார்கள். இன்னொன்று ‘ஸ்டீல் வெஞ்சென்ஸ்’. 1991-ல் கட்டிய ‘மீன் ஸ்ட்ரீக்’ என்ற மரக் கோஸ்டர் எலும்பைக் கழற்றும் அளவுக்குக் குலுக்கும்; அதன் மரச் சட்டகத்தை வைத்துக்கொண்டு, பாதையை மட்டும் இரும்பாக மாற்றி 2018-ல் திறந்தார்கள். 205 அடி, மணிக்கு 119 கிலோமீட்டர், மொத்தம் 27 நொடி ‘ஏர்டைம்’, அதாவது உடல் இருக்கையை விட்டு எழும்பித் தொடைக் கம்பியில் தொங்கும் நேரம். அமெரிக்காவில் ஒரே ஒரு கோஸ்டர்தான் ஏற முடியும் என்றால் இதில் ஏறலாம். ஏறுபவரின் குறைந்தபட்ச உயரம் 52 அங்குலம். பையில் இருக்கும் சாவி, போன் எல்லாம் பறந்துவிடும் என்பதால் சோதனை கடுமை, ஏற்றுவதும் மெதுவாகவே நடக்கும். காலை முதல் வேலையாக இங்கே வந்துவிட வேண்டும். மில்லேனியம் ஃபோர்ஸில் 36 பேர் போகும் வண்டி என்பதால் அதை இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். அக்டோபர் சனிக்கிழமைகளில் ஹாலோவீன் கூட்டம், தலையே காட்டக் கூடாது. மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் ஏரியிலிருந்து சின்னப் பூச்சிகள் மேகம் போல எழும்பும். கடிக்காது, ஆனால் கோஸ்டரில் வாயைத் திறந்து கத்துபவர்களுக்கு அனுபவம் புதிதாக இருக்கும். காற்று பலமாக அடிக்கும் நாளில் உயரமானவை ஒவ்வொன்றாக நிற்கும். ஒரு நாள் மட்டும் ஒதுக்கி வருபவர்கள் முந்தின நாள் பார்க்க வேண்டியது வெயிலையும் மழையையும் விடக் காற்றின் வேகத்தை.

மூன்றாவது, ஒர்லாண்டோவில் 1999-ல் யுனிவர்சல் திறந்த ‘ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர்’. நடுவில் ஏரி, சுற்றிலும் தீவுகள். ஒரு பக்கம் நடக்கத் தொடங்கினால் வட்டமாக வந்து வாசலிலேயே முடியும், வழி தப்பவே தப்பாது. 2010-ல் ஹாரி பாட்டர் பகுதி வந்ததும் யுனிவர்சலின் தலையெழுத்தே மாறியது. 2019-ல் வந்த ‘ஹாக்ரிட்’ மோட்டார் பைக் கோஸ்டர் 7 இடங்களில் உந்தி விடப்படும். நடுவில் பின்னோக்கி ஓடும். தண்டவாளத்தோடு கீழே விழவும் செய்யும். முதல் நாள் வரிசை 10 மணி நேரம். இத்தனை அசையும் பாகங்கள் உள்ள ரைடு முதல் மாதங்களில் படுத்துத் தூங்கியதில் வியப்பில்லை. 2021-ல் வந்த ‘வெலாசிகோஸ்டர்’ அதற்கு நேர் எதிர்: 155 அடி, மணிக்கு 113 கிலோமீட்டர், நான்கு தலைகீழ், அலட்டல் இல்லாத இயந்திரம். இலவச லாக்கர்கள் இரண்டு பக்கமும் திறக்கும்படி வைத்திருப்பதால், ஏறும் முன் ஒரு பக்கம் வைத்த பொருளை இறங்கியதும் மறுபக்கம் எடுத்துக்கொள்ளலாம். ஆட்கள் எதிரெதிரே முட்டிக்கொள்வதில்லை. இதுபோன்ற சின்ன யோசனைதான் மணிக்கணக்கில் நேரத்தை மிச்சம் பிடிக்கிறது.

ஃபுளோரிடாவின் வியாதி இடி மின்னல். கோடையில் பிற்பகல் ஆனால் மேகம் கட்டும். சுற்றுவட்டாரத்தில் மின்னல் தெரிந்ததும் வெளிப்புற ரைடுகள் எல்லாம் நிற்கும். எனவே கோஸ்டர்களைக் காலையில் முடித்துவிட்டு, ‘ஸ்பைடர்மேன்’ போலக் கூரைக்குக் கீழே இருப்பவற்றைப் பிற்பகலுக்கு ஒதுக்க வேண்டும். பணம் செலவழிக்கத் தயார் என்றால் ஒரு கணக்கு உண்டு. யுனிவர்சலின் போர்டோஃபினோ பே, ஹார்டு ராக், ராயல் பசிபிக் என்ற மூன்று ஓட்டல்களில் தங்கினால் அங்குள்ள இரண்டு பழைய பூங்காக்களுக்கும் வரிசையைத் தாண்டவிடும் எக்ஸ்பிரஸ் பாஸ் வாடகையோடு சேர்ந்தே வரும். நான்கு பேர் ஓர் அறையில் தங்கும் குடும்பத்துக்கு, பாஸைத் தனித்தனியே வாங்குவதைவிட இதுவே பெரும்பாலும் மலிவாக முடியும்.

நான்காமிடத்தைப் பார்த்துச் சிலர் சிரிக்கலாம். பென்சில்வேனியாவின் எலிஸ்பர்க் அருகே காட்டுக்குள் 1926-லிருந்து இருக்கும் ‘கனோபல்ஸ்’. ஆங்கில எழுத்தில் முதலில் வரும் கே-யை விழுங்காமல் சொல்ல வேண்டும், உள்ளூர்க்காரர்கள் திருத்துவார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. வண்டி நிறுத்தவும் காசில்லை. ஏறும் ரைடுக்கு மட்டும் சீட்டு. தாத்தா பாட்டி வெறுமனே பெஞ்சில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க நூறு டாலர் அழ வேண்டியதில்லை. இங்குள்ள ‘ஃபீனிக்ஸ்’ மரக் கோஸ்டர் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் 1940-களில் கட்டியது. அந்தப் பூங்கா 1980-ல் மூடிய பிறகு, பலகை பலகையாக எண் போட்டுப் பிரித்து இங்கே கொண்டுவந்து 1985-ல் ஓட்டினார்கள். உயரம் 78 அடிதான். ஆனால் தொடையை இறுக்காத பழைய காலத்துக் கம்பி என்பதால், கடைசி மேடுகள் ஒவ்வொன்றிலும் உடல் மிதக்கும். சீடர் பாயின்டில் 400 அடி செய்யாததை இது செய்கிறது. இங்குள்ள ராட்டினத்தில் இன்னும் பித்தளை மோதிரம் பிடிக்கும் வழக்கம் இருக்கிறது. எட்டிப் பிடித்தவருக்கு ஒரு சுற்று இலவசம்.

டென்னசியில் ஸ்மோக்கி மலையடிவாரத்தில் இருக்கும் டாலிவுட் ஐந்தாவது. 1961-ல் ஒரு நீராவி ரயிலோடு தொடங்கிய இடம். பாடகி டாலி பார்ட்டன் சேர்ந்து 1986-ல் இந்தப் பெயர் வந்தது. நிலக்கரியில் ஓடும் அந்த ரயில் இன்றும் ஓடுகிறது, வெள்ளைச் சட்டையில் போனால் கரித்தூள் நிச்சயம். 2016-ல் உந்துவிசையோடு வந்த ‘லைட்னிங் ராட்’ மரக் கோஸ்டர் மாதக்கணக்கில் பழுதாகி நின்றது. ஓடும் வேகத்தை மரப்பாதை தாங்கவில்லை என்று பாதிக்கு மேல் இரும்பாக மாற்றினார்கள். உந்தும் கருவியும் ஒத்துழைக்காததால் 2024-ல் சங்கிலி இழுக்கும் முறைக்கு மாற்றினார்கள். பெருமை குறைந்தது, ஆனால் இப்போது வண்டி ஓடுகிறது. கூட்டத்துக்கு வேண்டியதும் அதுவே. அங்குள்ள மாவு ஆலைக் கடையின் லவங்கப்பட்டை ரொட்டி வரிசைக்கும் 20 நிமிடம் ஒதுக்கி வையுங்கள்.

மேஜிக் கிங்டம் ஆறாமிடத்துக்கு இறங்கியதற்கு முதல் காரணம் வாசல். வண்டியை நிறுத்துமிடம் ஒன்று, பூங்கா ஏரிக்கு அந்தப் பக்கம். பெரிய படகிலோ மோனோரயிலிலோ போய்ச் சேர வேண்டும். நிறுத்தியதிலிருந்து உள்ளே கால் வைக்க முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்வது நல்லது, திரும்பும்போதும் அதே. மற்றபடி பொறியியலில் இதற்கு நிகரில்லை. நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் தோண்ட முடியாமல், தரைமட்டத்தில் ஊழியர் சுரங்கங்களைக் கட்டி, ஏரி வெட்டிய மண்ணால் மூடி, அதன்மேல் பூங்காவை எழுப்பினார்கள். நாம் நடப்பது உண்மையில் இரண்டாம் தளத்தில்.

அடுத்து ஒஹாயோவின் கிங்ஸ் ஐலண்ட், அதன் ‘பீஸ்ட்’ மரக் கோஸ்டருக்காக மட்டும்: 7,361 அடி நீளம், 1979, கட்டாயம் இருட்டிய பிறகு. இண்டியானாவின் ஹாலிடே வேர்ல்டு குளிர்பானத்துக்குக் காசு வாங்குவதில்லை, வெயிலில் தடவும் கிரீமும் இலவசம். இந்த ஒன்றையே பெரிய நிறுவனங்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ஃபுளோரிடாவில் டிஸ்னியின் அனிமல் கிங்டம் அழகு, ஆனால் ரைடுகள் குறைவு. 2006-ல் திறந்த ‘எவரெஸ்ட்’ கோஸ்டரின் பிரம்மாண்டப் பனிமனிதன் பொம்மை கொஞ்ச காலத்திலேயே அசைவதை நிறுத்திவிட்டது. மின்னும் விளக்கடித்து அசைவது போலக் காட்டுகிறார்கள். பழுது பார்க்க மலையையே பிரிக்க வேண்டியிருக்கும் போல.

அடிமட்டத்தில் இரண்டு. ஃபுளோரிடாவின் இன்னொரு டிஸ்னி பூங்காவான ஹாலிவுட் ஸ்டுடியோஸில் நல்ல ரைடுகள் இருக்கின்றன, எண்ணிக்கைதான் போதாது. கைவிரலில் எண்ணிவிடக்கூடிய ரைடுகளுக்கு ஒரு முழுப் பூங்காவின் கூட்டம் முட்டும்போது எல்லா வரிசையும் ஒரு மணி நேரம்தான். ‘ரைஸ் ஆஃப் த ரெசிஸ்டன்ஸ்’ தண்டவாளமில்லா வண்டி, லிஃப்ட், அசையும் அறை என்று பலவற்றைக் கோர்த்த அற்புதம். அதில் ஒரு கண்ணி அறுந்தால் எல்லாமே நிற்கும். லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே இருக்கும் சிக்ஸ் ஃபிளாக்ஸ் மேஜிக் மவுண்டனில் சுமார் 20 கோஸ்டர். எண்ணிக்கையில் அசைக்க முடியாது. ஆனால் ஒரு வண்டியை மட்டும் விட்டு ஓட்டும் நாட்கள் அதிகம், குன்றேறி நடக்கும் பாதையில் நிழல் குறைவு. மேலே சொன்ன 960 பேர் கணக்கை அங்கே போட்டுப் பார்த்தால் ஒரு நாளில் 20-ல் பாதியைத் தொடுவதே பெரிய காரியம்.

2025 மே 22-ல் ஒர்லாண்டோவில் யுனிவர்சல் திறந்த ‘எபிக் யுனிவர்ஸ்’ஸுக்கு இந்த வரிசையில் இடம் தரவில்லை. ஐந்து உலகங்களும் கண்ணைப் பறிக்கும். ‘ஸ்டார்டஸ்ட் ரேசர்ஸ்’ இரட்டைக் கோஸ்டர் முதல் ஐந்துக்குள் வரக்கூடியது. ஆனால் நட்ட மரங்கள் இன்னும் நிழல் தரும் அளவுக்கு வளரவில்லை, முக்கிய ரைடுகள் பல வெளியே. ஃபுளோரிடாவின் இரண்டு மூன்று இடிமழைக் கோடைகளை அது எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்த பிறகு இடம் போட்டுக்கொள்ளலாம்.